குட்டி ஸ்கீ: முதல் மணி நேரத்திலேயே சறுக்க வைக்கும் ஸ்னோ ஸ்கேட் வாங்கலாமா?

பனிச்சறுக்கு கற்க வருபவரின் முதல் நாள் பெரும்பாலும் பலகையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடுகிறது. காலில் ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு ஸ்கீ. நின்ற இடத்தில் திரும்பப் பார்த்தால் ஒன்றின் வால் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். விழுந்துவிட்டால், எழுவதற்கு முன் அந்த நீளத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று யோசிக்க வேண்டும். ஸ்னோபோர்டில் பாடு வேறு மாதிரி. இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும், உடம்பு பக்கவாட்டில் நிற்கும். பலகையின் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் அடுத்த நொடி ஆள் மல்லாந்தோ குப்புறவோ கிடப்பார். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டில் அடிபடுவது ஸ்னோபோர்டு கற்பவர்களிடம் மிகச் சாதாரணம்.

இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம், ஆனால் சறுக்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஏற்றது குட்டி ஸ்கீ. ஸ்னோ ஸ்கேட், ஸ்கீபோர்டு, ஸ்னோபிளேடு என்று பல பெயர்களில் இது புழங்குகிறது. ரோலர் ஸ்கேட் போல ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக மாட்டிக்கொள்வது. கைக்கோல் வேண்டாம். மிகக் குட்டையான ஜோடி ஒரு முதுகுப்பையில் அடங்கிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சறுக்கு என்றால் என்னவென்றே தெரியாதவரை ஒரு மணி நேரத்துக்குள் சிறு சரிவில் இறங்க வைப்பதில் இதற்கு ஈடு இல்லை. ஆனால் நீளம் குறைந்ததால் வரும் ஒவ்வொரு சௌகரியத்துக்கும் பின்னால், அதே நீளக் குறைவால் வரும் ஒரு தடுமாற்றமும் இருக்கிறது. அது எங்கே, எப்போது தலைகாட்டும் என்று தெரிந்து வாங்குபவருக்கு இது அருமையான பொருள்.

மூன்று நீளம், மூன்று விதம்

கடையில் எல்லாமே ஒரே அலமாரியில் இருக்கும். ஆனால் காலில் மாட்டினால் மூன்றும் மூன்று பொருள்.

முதல் வகை, போட்டிருக்கும் ஷூவோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. செக் நாட்டில் பிறந்த ஸ்னோஃபீட் இதில் பரவலாகத் தெரிந்த பெயர். அதன் முதல் மாடலின் நீளம் 38 செ.மீ. ஒரு பெரியவரின் பூட்ஸ் அடிப்பாகமே ஏறக்குறைய 30 செ.மீ. இருக்கும். அதாவது விரலுக்கு முன்னால் நான்கைந்து சென்டிமீட்டர்தான் மிச்சம். அடிப்பாகம் அச்சில் வார்த்த பிளாஸ்டிக், மேலே பல் பல்லாக ஏறி இறுகும் இரண்டு ராட்செட் ஸ்ட்ராப், குதிகாலுக்கு அடியில் பனியைக் கவ்வும் பற்கள். அந்தப் பற்கள்தான் பிரேக். பூட்ஸும் சறுக்குத் தளமும் ஒரே உடம்பாகச் செய்த ஸ்லெட் டாக்ஸ் இதற்கு நெருங்கிய உறவு.

இரண்டாவது, 44 முதல் 65 செ.மீ. வரை. ஸ்கீ பூட்ஸோ ஸ்னோபோர்டு பூட்ஸோ வேண்டும். 1990-களில் ஆஸ்திரியாவின் க்னைஸல் நிறுவனம் விற்ற பிக்ஃபுட் இந்த நீளத்தில் புகழ்பெற்றது. நுனியில் ஐந்து கால்விரல் வடிவம் வைத்த ஸ்கீ அது.

மூன்றாவது, 80 முதல் 99 செ.மீ. வரை. சாலமன் நிறுவனம் ஸ்னோபிளேடு என்று வைத்த பெயர் இன்று எந்தக் கம்பெனியின் குட்டை ஸ்கீக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இவற்றுக்கு உலோக விளிம்பு, மெழுகு ஏற்கும் அடித்தளம், மேல்நோக்கி வளைந்த நுனியும் வாலும் எல்லாம் உண்டு. சாகசக்காரர்களுக்கும் இது பிடித்துப்போனது. 1998 முதல் 2000 வரை சாகச விளையாட்டுகளுக்கான குளிர்கால எக்ஸ் கேம்ஸில் ஸ்கீபோர்டிங் ஒரு போட்டியாகவே நடந்தது.

இனி எங்கள் தீர்ப்பு. பனியில் ஒன்றிரண்டு நாள்தான் இருக்கப்போகிறீர்கள், சமன் செய்த மெல்லிய சரிவு பக்கத்தில் இருக்கிறது என்றால் முதல் வகை போதும். மறுபடி மறுபடி வரப்போகிறீர்கள், லிஃப்டில் ஏறி முழு நீளச் சரிவில் இறங்க வேண்டும் என்றால் மூன்றாவது வகைக்குப் போங்கள், அதுவும் விழும்போது கழன்று கொடுக்கும் பைண்டிங்கோடு (பூட்ஸை ஸ்கீயில் பூட்டும் பிடி). நடுவிலுள்ள நீளத்தை முதல் நாள்காரருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை 12 முதல் 18 பாகை வரை முன்னோக்கிச் சாய்த்துப் பிடித்துவைக்கும். முன்பக்க நீளம் குறைந்த ஸ்கீயில் அந்தச் சாய்வே ஆளை நுனிக்கு முன்னால் தள்ளிவிடும். பழகியவர் கையில் அது விளையாட்டு. புதியவருக்கு அது தலைவலி.

குட்டையாக இருப்பது ஏன் எளிது, எங்கே கைவிடும்

ஒரு ஸ்கீயைத் திருப்புவது என்றால் அதன் நுனியையும் வாலையும் பனியின் மேல் துடைத்தபடி சுழற்றுவது. 160 செ.மீ. ஸ்கீயை 40 செ.மீ. ஆகக் குறைத்தால், இரண்டும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டாலும், சுழற்ற எடுக்கும் முயற்சி பதினாறில் ஒரு பங்காகிவிடும். எடையும் குறைவதால் நடப்பில் அதையும் விடக் குறைவு. அதனால்தான் குட்டி ஸ்கீயில் பாதத்தைத் திருப்பினால் போதும், ஸ்கீ கூடவே திரும்பிவிடும். நுனி ஒன்றோடொன்று குறுக்கிட இடமில்லை. விழுந்தாலும் முழங்காலில் ஊன்றி எழுந்துவிடலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1960-களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்ற பயிற்சியாளர், கற்பவரை முதலில் மிகக் குட்டையான ஸ்கீயில் நிறுத்தி, பழகப் பழக நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகும் முறையைப் பரப்பினார். ஜிஎல்எம் என்று அதற்குப் பெயர். பின்னால் எல்லா ஸ்கீயுமே நீளம் குறைந்து இடுப்பு ஒடுங்கிய வடிவத்துக்கு வந்ததும் அந்த முறையின் தேவை குறைந்தது. ஆனால் அதன் அடிப்படை இன்றும் சரிதான்: முதலில் திரும்பத் தெரியட்டும், பிறகு நீளம்.

இப்போது மறுபக்கம். நீளமான ஸ்கீ, ஆள் கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் பின்னே சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். முன்னால் எழுபது, எண்பது சென்டிமீட்டர் பலகை நீண்டிருக்கிறதல்லவா. குட்டி ஸ்கீயில் அந்தத் தாங்கல் இல்லை. எடை கட்டைவிரலைத் தாண்டினால் நுனி பனியில் குத்தும். குதிகாலைத் தாண்டினால் பிரேக் பற்கள் கேட்காமலே கவ்வும், இல்லையென்றால் இரண்டு ஸ்கீயும் முன்னால் ஓடி ஆள் உட்கார்ந்துவிடுவார். பக்கவாட்டில் இருக்கும் சுதந்திரம் முன்பின்னாக இல்லை.

பனியில் அமிழ்வது அடுத்த சிக்கல். 70 கிலோ ஆள், 40 செ.மீ. நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள ஜோடியில் நின்றால் எடை விழும் பரப்பு சுமார் 960 சதுர செ.மீ. அதே ஆள் 160 செ.மீ. நீளமும் சராசரியாக எட்டரை செ.மீ. அகலமும் உள்ள ஸ்கீயில் நின்றால் சுமார் 2,720 சதுர செ.மீ. அழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது. கெட்டித்துக் கிடக்கும் பனியில் இது தெரியாது. நேற்றிரவு பெய்த பொடிப்பனியில் கணுக்கால்வரை இறங்கி, போய்க்கொண்டிருந்த ஸ்கீ சட்டென்று நின்றுவிடும். ஸ்கீ நிற்கும், ஆள் நிற்க மாட்டார்.

வேகத்திலும் ஓர் எல்லை உண்டு. சைக்கிளை நன்றாக மிதித்துப் போகும் வேகத்தைத் தாண்டினால் 40 செ.மீ. ஸ்கீ இடவலமாக நடுங்க ஆரம்பிக்கும். அதை நேராகப் பிடித்துவைக்க நீளம் போதாது. அந்த நடுக்கம் தெரிந்ததும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மாட்டும்போதே பாதி வெற்றி

ஷூவோடு கட்டும் வகையில் அதிகம் குறை சொல்லப்படுவது "கால் ஆடுகிறது" என்பது. பெரும்பாலும் குறை ஸ்கேட்டில் இல்லை, ஷூவில் இருக்கிறது. ஓட்டப்பந்தய ஷூ விரலடியில் மடங்கும். மடங்கும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும், ஸ்ட்ராப் நழுவும். துணி மேற்பாகம் நனைந்து கால் மரத்துப்போகும். கணுக்காலை மூடும் உயரமும் மடங்காத அடிப்பாகமும் கொண்ட குளிர்கால மலையேற்ற பூட்ஸ் குறைந்தபட்சத் தேவை. எல்லாவற்றிலும் நல்லது ஸ்னோபோர்டு பூட்ஸ்தான். கணுக்காலை இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் முன்னால் தள்ளாது. பெரும்பாலான சறுக்கு மையங்களில் பூட்ஸ் மட்டும் தனியாக வாடகைக்குக் கிடைக்கும்.

மாட்டும் வரிசை முக்கியம். முதலில் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் பனிக்கட்டி அடியில் மாட்டியிருந்தால், பத்து நிமிடத்தில் அது உருகி ஸ்ட்ராப் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும். பாதி சரிவில் கால் கழல்வதற்கு முதல் காரணம் இதுதான். பிறகு குதிகாலைப் பின்பக்கக் குழிவில் முட்டும்வரை தள்ளுங்கள். கணுக்கால் ஸ்ட்ராப்பை முதலில் இறுக்க வேண்டும், அதன் பிறகே விரல்பக்க ஸ்ட்ராப். மாற்றிச் செய்தால் பாதம் முன்னே நகர்ந்த நிலையிலேயே இறுகிவிடும், குதிகால் மிதக்கும். இறுக்கிய பின் நின்றபடி குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். ஸ்கேட்டும் கூடவே எழ வேண்டும், இடைவெளி தெரியக் கூடாது. பத்து அடி நடந்துவிட்டு மறுபடி ஒரு கிளிக் இறுக்குங்கள். கடைசியாக, ஸ்ட்ராப்பின் மிச்ச நுனியை உள்ளே செருகிவிடுங்கள். தொங்கும் நுனியை அடுத்த காலின் ஸ்கேட் மிதித்தால் விழுவது உறுதி.

90 செ.மீ. வகை வாங்குபவர்கள் பைண்டிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய ஸ்னோபிளேடுகளில் பெரும்பாலும் கழலாத பைண்டிங். விழுந்து உடம்பு ஒரு பக்கம் திருகும்போது ஸ்கீ காலை விடாது. 38 செ.மீ. நீளத்தில் நெம்புகோல் சிறியது, அதனால் திருகும் விசையும் குறைவு. 90 செ.மீ. பலகை பனியில் மாட்டிக்கொண்டால், அந்த நீளம் முழுவதும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பை முறுக்கும். இந்த வகை ஸ்கீயில் அந்த எலும்பு முறிவுதான் மருத்துவர்கள் எச்சரிக்கும் காயம். குட்டைதானே என்று இங்கே அலட்சியம் கூடவே கூடாது. சாதாரண ஸ்கீயில் இருப்பது போலக் கழன்று கொடுக்கும் பைண்டிங் உள்ளதை எடுத்து, எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், பழக்கம் ஆகிய ஐந்தையும் சொல்லி டின் அளவை (எவ்வளவு விசையில் பைண்டிங் கழல வேண்டும் என்ற எண்ணை) வாடகைக் கடை தொழில்நுட்பரிடமே அமைத்து வாங்குங்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் சும்மா போகும்போதே கழலும். பழக்கத்தைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது.

ஹெல்மெட் இல்லாமல் எந்த வகையும் வேண்டாம். உள்ளே இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் இதற்குச் செல்லாது. குட்டி ஸ்கீயில் விழுவது பெரும்பாலும் முன்னோக்கி என்பதால் மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் வாங்கும் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

சமதளத்தில் தொடங்குங்கள். நூறு மீட்டருக்கு ஐந்தாறு மீட்டர் இறங்கும் சரிவு, முடிவில் தானாகவே வேகம் குறையும் அளவுக்குச் சமதளம் - இந்த இரண்டும் உள்ள இடம் போதும்.

முதல் இருபது நிமிடம் சறுக்கவே வேண்டாம். ஒரு காலில் மட்டும் ஸ்கேட் மாட்டி, மற்றக் காலால் உந்தி, சறுக்கும் காலில் எடையை வைத்து இரண்டு மூன்று மீட்டர் போங்கள். பிறகு கால் மாற்றுங்கள். இரண்டும் மாட்டியதும் வாத்து நடைபோல நுனிகளை வெளிப்பக்கம் விரித்து நடங்கள். மேலே ஏறுவதும் இதே நடையில்தான். இல்லையென்றால் சரிவுக்குக் குறுக்காக நின்று, படி ஏறுவது போலப் பக்கவாட்டில் அடி வையுங்கள்.

பத்து மீட்டர் ஏறி நில்லுங்கள். இனிமேல் சொல்வதுதான் இந்த விளையாட்டின் முழு ரகசியமும்: இரண்டு பாதமும் அடுத்தடுத்து இணையாக இருக்கக் கூடாது. ஒரு காலை மற்றதைவிட அரைப் பாத நீளம், அதாவது 15 செ.மீ. முன்னால் வையுங்கள். இரண்டு ஸ்கேட்டும் சேர்ந்து நிற்கும் தளம் 38 செ.மீ.யிலிருந்து 53 செ.மீ. ஆகிவிடும். முன்னே சாய்ந்தால் முன்கால் தாங்கும், பின்னே சாய்ந்தால் பின்கால் தாங்கும். இணையாக நிற்பவர் முதல் மேட்டில் விழும்போது, இப்படி நிற்பவர் அதைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். முழங்கால் மடங்கியிருக்கட்டும், கை இரண்டும் இடுப்பு உயரத்தில் முன்னால் இருக்கட்டும், எடை பாதத்தின் நடுவில் இருக்கட்டும். பார்வை பத்து மீட்டர் தூரத்தில். காலைப் பார்த்தால் இடுப்பு மடங்கும், இடுப்பு மடங்கினால் எடை நுனிக்குப் போகும்.

நேராக இறங்கி, சமதளத்தில் தானாக நிற்பதை ஐந்தாறு முறை செய்தபின் பிரேக். முன்னால் இருக்கும் காலின் விரல்களைத் தூக்கி, குதிகாலை மட்டும் பனியில் அழுத்துங்கள். பின்கால் முழுப் பாதமும் பனியில் இருக்க வேண்டும், எடையில் பாதிக்கு மேல் அதில்தான். பற்கள் பனியைக் கீறும் சத்தம் கேட்கும், காலில் ஒரு நடுக்கம் ஏறும். அது சரியான அறிகுறி. மெதுவாக அழுத்தத்தைக் கூட்டினால் மூன்று நான்கு மீட்டரில் வேகம் அடங்கும். இரண்டு குதிகாலையும் ஒன்றாக அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஸ்கேட் முன்னே ஓடும், ஆள் பின்னே உட்காருவார்.

திரும்புவது அநேகமாகத் தானாக வரும். இடப்பக்கம் போக வேண்டும் என்றால் வலது காலின் பெருவிரல் பக்கத்தை அழுத்தி, இரண்டு பாதத்தையும் இடப்பக்கம் திருப்புங்கள். தோளைத் திருப்ப வேண்டாம். தோள் முந்திக்கொண்டால் கால் தேவைக்கு மேல் சுழன்று, முதுகு சரிவின் கீழ்ப்பக்கம் காட்டியபடி நின்றுவிடுவீர்கள். குட்டி ஸ்கீயில் பின்னோக்கிச் சறுக்குவது சுலபம் என்பதால் புதியவர்கள் இப்படித்தான் எதிர்பாராமல் பின்னோக்கிப் போகத் தொடங்குகிறார்கள்.

கடைசிப் பாடம், குறுக்காக நிற்பது. இரண்டு ஸ்கேட்டையும் ஒரே நேரத்தில் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, மேல்பக்க விளிம்பில் அழுத்தினால் பனியைச் சீவிக்கொண்டு நிற்கும். ஐஸ் ஹாக்கிக்காரர்கள் நிற்பது போல. குதிகால் பிரேக் மட்டும் தெரிந்தவர் மெல்லிய சரிவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் இப்படிக் குறுக்காக நிற்கத் தெரிந்த பிறகே லிஃப்டைப் பற்றி யோசிக்கலாம்.

நீளமான ஸ்கீயில் புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தரும் முறை, நுனிகளைச் சேர்த்து வால்களை விரித்துக் கலப்பை போல வேகத்தைக் குறைப்பது. ஷூவோடு கட்டும் வகையில் அது பெரிதாக வேலை செய்யாது. பனியைத் தள்ள அங்கே விளிம்பு நீளம் இல்லை. 90 செ.மீ. வகையில் ஓரளவு நடக்கும்.

பனி எப்படி இருக்கிறது என்று பார்த்தே இறங்க வேண்டும்

இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்து, காலையில் கார்டுராய் துணிபோல வரிவரியாகக் கிடக்கும் பனி இதற்குச் சொர்க்கம். லிஃப்ட் திறந்து முதல் இரண்டு மணி நேரம் அதற்குத்தான். மதியத்துக்கு மேல் ஆட்கள் இறங்கி இறங்கிப் பனி சிறு சிறு குவியலாகச் சேரும். நீளமான ஸ்கீ அதன் மேல் பாலம் போட்டதுபோலத் தாண்டிவிடும். குட்டி ஸ்கீ ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும். வெயிலில் கஞ்சிபோல் இளகிய பனியில் வேறொரு சிக்கல். அடித்தளத்துக்கும் பனிக்கும் நடுவில் நீர்ப்படலம் சேர்ந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். நிழலிலிருந்து வெயிலுக்கு வரும் இடத்தில் திடீரென்று யாரோ காலைப் பிடித்து இழுத்ததுபோல இருக்கும். அந்த இடத்தை முன்கூட்டியே பார்த்து, எடையைக் கொஞ்சம் பின்காலுக்கு மாற்றிக்கொண்டு கடக்க வேண்டும்.

இரவில் உறைந்து கண்ணாடியாகிப்போன பனி இருந்தால், உலோக விளிம்பு இல்லாத ஸ்கேட்டை அன்றைக்குப் பையிலேயே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் விளிம்பு அதைக் கடிக்காது, குதிகால் பற்கள் மேலோட்டமாகக் கீறிக்கொண்டு போகுமே தவிர நிறுத்தாது. இந்த ஒரு சூழலில் எங்களுக்கு இந்தப் பொருள் மேல் சமரசமே கிடையாது.

லிஃப்டும் விதிகளும்

வாங்குவதற்கு முன், போகவிருக்கும் சறுக்கு மையத்தில் இதை அனுமதிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். சில மையங்கள் உலோக விளிம்பு இல்லாததை லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். கழன்றால் ஸ்கீ தனியாக ஓடிவிடாமல் தடுக்கும் பட்டையோ பிரேக்கோ இருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அது சட்டமாகவே இருக்கிறது. காலோடு கட்டும் மெல்லிய பட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் வாசலில் வாதாட வேண்டியிருக்காது.

நகரும் தரைவிரிப்பு போன்ற லிஃப்ட்தான் குட்டி ஸ்கீக்கு ஏற்றது. நாற்காலி லிஃப்டில் இறங்கும்போது முன்சொன்ன மாதிரி ஒரு காலை முன்னே வைத்து எழுந்திருங்கள். கம்பியைப் பிடித்து இழுபட்டு ஏறும் லிஃப்டை முதல் நாள் தவிர்க்க வேண்டும். இழுவை இடுப்பில் வரும், பாதை முழுவதும் மற்றவர்களின் ஸ்கீ உண்டாக்கிய பள்ளத் தடங்கள், குட்டை நுனி அதில் குத்தும்.

சரிவில் எல்லோருக்கும் பொதுவாகச் சர்வதேச ஸ்கீ-ஸ்னோபோர்டு சம்மேளனத்தின் 10 நடத்தை விதிகள் உண்டு. குட்டி ஸ்கீக்கும் அவை பொருந்தும். இரண்டை மனத்தில் வைத்தாலே பெரிய விபத்துகள் தவிரும். மேலிருந்து வருபவர்தான் கீழே போகிறவருக்கு ஆபத்தில்லாத பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறுகலான இடத்திலோ மேலிருப்பவருக்குத் தெரியாத மேட்டுக்குக் கீழோ நிற்கக் கூடாது, விழுந்தால் சீக்கிரம் விலகிவிட வேண்டும். குட்டி ஸ்கீக்காரர் திடீர் திடீரென்று திரும்புவார். பின்னால் வரும் நீள ஸ்கீக்காரருக்கு அதை ஊகிக்க முடியாது. சரிவின் ஓரமாக, ஒரே அளவு வளைவுகளாகப் போவது இரண்டு பேருக்கும் நல்லது.

பராமரிப்பு

வார்ப்பு பிளாஸ்டிக் அடித்தளத்துக்குச் சூடான மெழுகு ஏறாது. 120 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும் இஸ்திரியை அதன் மேல் வைத்தால் தளம் கோணிக்கொள்ளும். தேய்க்கும் கட்டி மெழுகோ பசை மெழுகோ போதும், ஒவ்வொரு நாளும் காலையில் ஒருமுறை. 90 செ.மீ. வகையில் பாலிஎதிலீன் அடித்தளம் இருந்தால் சூடான மெழுகு தாராளமாகப் போடலாம். அவற்றின் உலோக விளிம்பை நுனியிலும் வாலிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தூரத்துக்கு மழுக்கிவிடுங்கள். புதிதாக வரும் கூர்மையில் திரும்பும்போது நுனி பனியில் மாட்டும்.

ஸ்ட்ராப் பிடிக்கும் திருகுகளை ஒவ்வொரு நாளும் சறுக்குமுன் சரிபாருங்கள், குளிரிலும் அதிர்விலும் தளரும். வீடு திரும்பியதும் ராட்செட் பற்களில் ஒட்டிய பனியை உதறிவிட்டு, ஸ்ட்ராப்பைத் திறந்த நிலையில் காயவிடுங்கள். ஈரத்தோடு பையில் இரவு முழுவதும் வைத்தால் காலையில் ராட்செட் உறைந்து ஏறாது, விளிம்பும் துருப்பிடிக்கும்.

யாருக்கு வேண்டாம்

முழங்காலில் பழைய காயம் இருப்பவர்கள், கணுக்கால் அடிக்கடி பிசகுபவர்கள் 38 செ.மீ. வகையிலிருந்து விலகியிருப்பது நல்லது. ஒவ்வொரு சிறு மேடும் நேராகக் காலில்தான் ஏறும். அவர்களுக்கு ஸ்கீ பைக் பொருத்தம்: சக்கரத்துக்குப் பதில் ஸ்கீ பூட்டிய சைக்கிள், இருக்கையில் அமர்ந்து ஓட்டுவது. அதையும் எல்லா மையங்களும் அனுமதிப்பதில்லை. சிறு குழந்தைகளுக்குத் தனியாக ஸ்னோ ஸ்கேட் தேடிப் போக வேண்டியதில்லை. அவர்களின் சாதாரண ஸ்கீயே 70, 80 செ.மீ. தான்.

பின்னாளில் நீளமான ஸ்கீக்கு மாறும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பும்போது வெளிக்காலில் எடை போடுவது, விளிம்பில் அழுத்துவது, குறுக்காக நிற்பது - இவை மூன்றும் அப்படியே கூட வரும். குதிகாலில் அழுத்தி வேகத்தைக் குறைக்கும் பழக்கம் மட்டும் வரக் கூடாது. நீள ஸ்கீயில் பின்னால் சாய்ந்தால் நுனி பனியை விட்டு எழும்பும், ஸ்கீ திரும்ப மறுக்கும், வேகம் குறைவதற்குப் பதில் கூடும். மாறும் நாளில் முதல் அரை மணி நேரம், கணுக்காலுக்கு மேல் காலின் முன்பக்கம் பூட்ஸின் நாக்கில் எப்போதும் அழுந்தியிருக்கிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு இறங்குங்கள்.